வித்தியிலை: 'யி' விழுந்தால் வேறு இலை

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் ஆயா வீட்டு வராந்தாவில் ஒரு பெரணி தொங்கும். இலையின் அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் வந்ததும், பூச்சி முட்டை வைத்துவிட்டது என்று ஆயா சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைத்தார். துணியில் ஒட்டியது காபிப்பொடி மாதிரி ஒரு தூள். அது முட்டை இல்லை, வித்தி: பெரணி இனம்பெருக்க உதிர்க்கும் நுண்துகள். அதைச் சுமக்கிற இலைதான் ஸ்போரோஃபில்.

கிரேக்கத்தில் 'ஃபில்லோன்' என்றால் இலை. குளோரோஃபில்லில் வருவதும் அதுவே. 'ஸ்போரா' என்றால் விதைப்பு. ஸ்போரை இலங்கைப் பாடநூல்கள் வித்தி என்கின்றன. தமிழ்நாட்டில் ஸ்போர் என்றே எழுதுவார்கள், சிதல் என்றும் சொல்வதுண்டு. என் ஓட்டு வித்திக்குத்தான். பழந்தமிழில் வித்துதல் என்றால் விதைத்தல். கிரேக்க வேரும் அதையேதான் சொல்கிறது. ஆகவே, வித்தியிலை.

ஆனால் ஒரு வம்பு உண்டு. வித்திலை என்பது வேறு. மொச்சையை ஊறவைத்துத் தோலுரித்தால் இரண்டாகப் பிரிகிறதே, அந்தப் பருப்புதான் வித்திலை. ஒருவித்திலை, இருவித்திலைத் தாவரம் என்று படித்திருப்பீர்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு நான் தட்டச்சு செய்த தாளில் 'யி' விழுந்துபோய், பெரணிக்கு மொச்சைப் பருப்பு முளைத்துவிட்டது!

பெரணிகள் பலவற்றில் ஒரே இலை உணவும் தயாரிக்கும், வித்தியும் சுமக்கும். சிலவற்றில் வித்தியிலை தனியாக, ஒடுங்கி நிற்கும். பனை போலத் தோன்றி, பூவுக்குப் பதில் கூம்பு விடும் சைக்காட் இனங்களுக்கு வந்தால் இலை என்றே நம்ப முடியாது. டர்பன் தாவரவியல் பூங்காவில் எஞ்செஃபலார்டோஸ் வுடி என்ற மரம் இருக்கிறது. 1895இல் தாவரவியலாளர் மெட்லி வுட் ஓங்கோயே காட்டில் கண்டெடுத்த வகை. கிடைத்தது ஆண் மட்டும், பெண் மரம் இன்றுவரை அகப்படவில்லை. அதன் கூம்பில் அடுக்கடுக்காக இருக்கும் ஒவ்வொரு செதிலும் ஒரு வித்தியிலை. செதிலின் அடிப்பக்கம் முழுக்க மகரந்தப் பைகள். மகரந்தம் உருவாவது சிறிய வித்திகளிலிருந்துதான், அதனால் இதை நுண்வித்தியிலை என்பார்கள். மற்ற சைக்காட் இனங்களின் பெண் மரத்தில் இருப்பது மாவித்தியிலை.

தமிழ்நாட்டு நாட்டுமருந்துக் கடையில் மதனகாமப்பூ கேட்டால் தருவதும் இதே சங்கதிதான்: சைக்கஸ் என்ற சைக்காட் வகையின் ஆண் கூம்பின் காய்ந்த செதில்கள். பெயரில்தான் பூ. அப்புறம், நிஜப் பூவிலும் மகரந்தத்தாளும் சூலகமும் உருமாறிய வித்தியிலைகளே என்பது தாவரவியலில் பழைய கருத்து. சூலக இலை என்று நாம் சொல்கிற பெயரிலேயே அந்த இலை இருக்கிறது.