திரையில் தெரியாவிட்டால் ரகசியமா?

ரோல்-பிளேயிங் கேம்பெயின், அதாவது ஆளுக்கொரு பாத்திரமாகித் தொடர்ந்து ஆடும் கதை ஆட்டம், நடத்த இணையத்தில் ஒரு கருவி செய்கிறோம், வசதிப் பட்டியலைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். யார் எதைப் பார்க்கலாம் என்று இதில் எங்கே எழுதியிருக்கிறீர்கள்? பெரும்பாலும் எங்கேயும் இருக்காது. முப்பரிமாணப் பகடை உருளும், வரைபடத்தில் மழை பெய்யும், ஏஐ படம் வரைந்து தரும், சந்தா மாதம் 15 வெள்ளி என்றுகூட முடிவாகியிருக்கும். ரகசியத்துக்கு மட்டும் ஒரே வரி: "ஜிஎம்முக்கு மட்டும் என்று ஒரு டிக் பாக்ஸ்." ஜிஎம் என்றால் கேம் மாஸ்டர், கதையை நடத்துகிறவர்.

கோலாலம்பூரில் வலைச் செயலிகளைப் பாதுகாப்புக்காகச் சோதிப்பது என் தொழில். வார இறுதியில் நானும் ஆடுகிறவன் என்பதால் இந்தக் கருவிகள் என்னைத் தேடி வருகின்றன. பாயான் லெப்பாஸில் வேலை பார்க்கும் பொறியாளர்கள், பெட்டாலிங் ஜெயா கல்லூரி மாணவர்கள், எல்லாரும் ஆசைப்பட்டுச் செய்கிற பிள்ளைகள். அதனால் இத்தனை காலம் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். போன மாதம் நடந்ததைப் பார்த்த பிறகு பொதுவில் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது.

ஒரு நண்பர் குழு தாங்களே செய்த கருவியில் ஆடிக்கொண்டிருந்தது. ஓர் ஆட்டக்காரருக்கு வரைபடம் திறக்கவில்லை. என்ன கோளாறு என்று பார்க்க, பிரவுசரின் டெவலப்பர் கருவிகளைத் திறக்கும் எஃப்12 விசையைத் தட்டினார். சர்வர் அனுப்பியிருந்த பதில் முழுசாக அவர் முன்னால் விரிந்தது.

பெயர்: மருதப்பன்
விவரம்: ஊரே நம்பும் நாட்டு வைத்தியர்
ஜிஎம் குறிப்பு: ராணிக்கு விஷம் வைத்தது இவர்தான்
மறைவு: ஆம்

மறைக்க வேண்டும் என்ற குறிப்பும் சேர்ந்தே வந்திருக்கிறது. கதை அத்தோடு கெட்டது. கதை கெட்டால் இன்னொன்று எழுதிக்கொள்ளலாம். அதே பதிலில் இன்னும் கீழே இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆட்டம் தொடங்கும் முன் செஷன் ஜீரோவில், கதைக்குள் எதெல்லாம் வரக்கூடாது என்று ஒவ்வொருவரும் ஜிஎம்முக்கு எழுதித் தருவது வழக்கம். அந்தக் குழுவில் ஒரு பெண், தன் வாழ்க்கையில் நேர்ந்த ஓர் இழப்பைக் காரணமாகச் சொல்லி எழுதியிருந்தார். பெயரோடு இருந்தது. கூட ஆடுகிற அத்தனை பேருடைய கணினிக்கும் ஒவ்வொரு செஷனிலும் அது போய்க்கொண்டிருந்திருக்கிறது. அவர் இப்போது ஆட வருவதில்லை.

கருவியைச் செய்த தம்பியிடம் கேட்டேன். "ஸ்கிரீன்ல எங்கேயும் காட்டல அண்ணே, ஹைட் பண்ணித்தான் வெச்சிருந்தேன்" என்றார்.

எத்தனை பேர் வாயிலிருந்து இதைக் கேட்டுவிட்டேன்! திரையில் காட்டாததெல்லாம் ரகசியம் என்று நினைக்கிறார்கள். மேசையில் ஆடும்போது ஜிஎம் முன்னால் ஓர் அட்டைத் தடுப்பு நிற்கும். அது நிஜமாகவே மறைக்கிறது, ஏனென்றால் குறிப்புத்தாள் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நீங்கள் செய்வது தாளை ஆட்டக்காரர் மடியிலேயே வைத்துவிட்டு அட்டையை அதன் மேல் சாய்ப்பது. பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் மறைத்தாலும் அதுதான். பொத்தானை எடுத்துவிட்டாலும், பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டில் நிபந்தனை போட்டாலும், யாருக்கும் புரியாத பெயர் வைத்தாலும் அதேதான். பிரவுசருக்குப் போய்ச் சேர்ந்த எதுவும் உங்கள் கையில் இல்லை. "எங்க ஆளுங்க அப்படிப் பார்க்க மாட்டாங்க" என்று சொல்லாதீர்கள். மேலே சொன்ன ஆட்டக்காரர் ஏமாற்றப் பார்க்கவில்லை, வரைபடம் ஏன் வரவில்லை என்றுதான் பார்த்தார்.

ரகசியத்தைச் சர்வர்தான் பிடித்து வைக்க வேண்டும். கேட்கிறவர் யார் என்று பார்த்து, அவருக்கு உரிமையில்லாததைப் பதிலில் சேர்க்காமலே அனுப்ப வேண்டும். இதற்குக் குறுக்குவழி கிடையாது. வலைச் செயலிகளின் பெரிய அபாயங்கள் என்று ஓவாஸ்ப் அமைப்பு வெளியிடும் பட்டியலில், யார் எதைப் பார்க்கலாம் என்ற அணுகல் கட்டுப்பாடு உடைவது 2017இல் ஐந்தாம் இடத்தில் இருந்தது. 2021 பட்டியலில் அதுதான் முதலிடம். வங்கிச் செயலிக்கு மட்டும் எழுதிய பட்டியல் அல்ல அது.

குறிப்பை அடைத்துவிட்டோம், முடிந்தது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். நான் சோதித்த கருவிகளில் அதற்குப் பிறகும் எங்கெல்லாம் கசிந்தது தெரியுமா? தேடல் பெட்டியில் "மரு" என்று தட்டினால் மறைத்து வைத்த பக்கத்தின் தலைப்பு கீழே எட்டிப் பார்க்கும். ஊர்ப் பக்கத்தின் அடியில், இந்த ஊரைக் குறிப்பிடும் பக்கங்கள் என்று ரகசியக் குகையின் பெயர் நிற்கும். படத்தின் கோப்புப் பெயரே "துரோகி-மருதப்பன்" என்று இருக்கும். "புதிய பக்கம்: ராணியின் கொலையாளி" என்று எல்லாருக்கும் மின்னஞ்சல் போகும். ஜிஎம் ஒரு வரியை அழித்திருப்பார், திருத்த வரலாற்றில் அது பத்திரமாக இருக்கும். ஆட்டக்காரர்கள் இன்னும் போகாத இடங்களை இருட்டு மூடிய வரைபடம் இன்னும் மோசம். முழுப் படத்தையும் அனுப்பிவிட்டு மேலே கறுப்பு பூசுகிறார்கள். படத்தின் முகவரியைத் தனியாகத் திறந்தால் நிலவறையின் கடைசி அறை வரை தெரியும். தெரிய வேண்டிய பகுதியை மட்டும் சர்வரில் வெட்டி அனுப்புங்கள். கொஞ்சம் மெதுவாகும், பரவாயில்லை.

அதனால் தம்பி, தங்கச்சிகளே, நிரல் எழுத உட்காரும் முன் ஒரு தாளை எடுங்கள். இடப்பக்கம் கருவியில் வரப்போகும் ஒவ்வொன்றையும் எழுதுங்கள்: பாத்திரம், இடம், வரைபடம், கடிதம், பகடை முடிவு, தேடல், அறிவிப்பு, செஷன் ஜீரோ குறிப்பு. மேலே ஜிஎம், துணை ஜிஎம், எல்லா ஆட்டக்காரர்கள், குறிப்பிட்ட ஓர் ஆட்டக்காரர், வெளியாள். கடைசிக்கு முந்தியதை எல்லாரும் மறக்கிறார்கள். திருடன் மட்டும் படித்த கடிதம் திருடனுக்கு மட்டும் தெரிய வேண்டும், இந்த ஆட்டத்தின் சுவையே பாதி அங்கேதான். கட்டங்களை நிரப்பி முடித்த பிறகு டேட்டாபேஸை யோசியுங்கள். புதிதாக உருவாகும் எதுவும் மறைந்தே பிறக்கட்டும், ஜிஎம் நினைத்துத் திறந்தால் திறக்கட்டும். "இந்த ஆட்டக்காரராகப் பார்" என்று ஒரு பொத்தான் முதல் பதிப்பிலேயே வேண்டும். மழையைப் பிறகு பெய்யவிடலாம்.

செஷன் ஜீரோ குறிப்புகளுக்குக் காரணம் கேட்கும் பெட்டியே வைக்காதீர்கள். என்ன வேண்டாம் என்பது போதும், ஏன் என்று கேட்க நமக்கு உரிமையில்லை. எழுதியவர் பெயரில்லாமல் ஒரே பட்டியலாகச் சேர்த்துக் காட்டுங்கள். சந்தா வாங்கி நடத்துகிறவர்களுக்கு இன்னொன்று. நம் நாட்டின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல், மன நலத் தகவலையும் மத நம்பிக்கையையும் தனி வகையாக, கூடுதல் பாதுகாப்புக்குரியதாக வைத்திருக்கிறது. அந்தப் பெட்டியில் மக்கள் எழுதுவது பெரும்பாலும் இவைதான். 2025 ஜூன் முதல், பெரிய பாதிப்பு தரக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. சேகரிக்காத தகவல் கசியாது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பகடையைச் சர்வரில் உருட்டுங்கள். ஆட்ட நேரத்தை நேர மண்டலத்தின் பெயரோடு சேமியுங்கள். கோலாலம்பூரில் சனி இரவு 9 மணி என்றால் சென்னையில் மாலை 6.30, லண்டனில் குளிர்காலத்தில் பிற்பகல் 1, கோடையில் 2. வெறும் மணிக்கணக்கை வைத்தால் மார்ச்சிலும் அக்டோபரிலும் யாராவது ஒருவர் காலி அறையில் காத்திருப்பார். தமிழில் பெயர் வைப்பார்கள் என்பதை மறக்காதீர்கள். "கிருஷ்ணமூர்த்தி" நமக்கு 8 எழுத்து, கணினியின் யூனிகோடுக்கு 15 குறியீடு. "கொ" என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம், பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. சேமிக்கும் முன், இரண்டையும் ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றாவிட்டால் தேடல் சில பெயர்களைக் கண்டுபிடிக்காது. விதிப்புத்தகத்தை அப்படியே ஏற்றாதீர்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்தது, அதை மூலத்தைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். எல்லாவற்றையும் கோப்பாக எடுத்துக்கொண்டு போகும் வசதியை முதல் நாளே கொடுங்கள். கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடியபோது அங்கே கூடியிருந்த ஆட்டக் குழுக்களின் பேச்சுகள் எவ்வளவோ போயின. அந்தக் கோப்பும் யார் கேட்கிறார் என்று பார்த்துத்தான் உருவாக வேண்டும்.

ஏற்கெனவே கருவியை ஓடவிட்டிருப்பவர்கள் இன்றிரவே ஒரு வேலை செய்யுங்கள். சாதாரண ஆட்டக்காரர் கணக்கில் உள்ளே போங்கள், எஃப்12 தட்டுங்கள், நெட்வொர்க் பகுதியில் வரும் பதில்களில் உங்கள் வில்லன் பெயரைத் தேடுங்கள். பிறகு செஷன் ஜீரோ குறிப்பிலிருந்து ஒரு சொல்லை எடுத்துத் தேடுங்கள். கிடைத்தால் சரிசெய்யும்வரை தளத்தை நிறுத்திவையுங்கள். அந்தக் குறிப்பை எழுதியவரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள், இன்னொருவர் வழியாக அவர் காதுக்குப் போகும் முன்பு.