செத்தால் சங்கம் இருக்கிறது, படுத்தால்?

வன்னியில் வலுவிழப்பு என்றதும் பலருக்கு யுத்தம்தான் நினைவுக்கு வரும். கால் இழந்தவர்கள், முதுகுத்தண்டில் ஷெல் துண்டு பட்டவர்கள். இயன்மருத்துவராக அவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். ஆனால் புதிதாக வருபவர்களில் பலருக்கு யுத்தத்தோடு சம்பந்தமே இல்லை. நாற்பதுகளில் பாரிசவாதம் வந்த மேசன், பனையால் விழுந்த சீவல் தொழிலாளி, ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிளோடு விழுந்த பொடியன், வயலில் முள் குத்தியதே தெரியாமல் புண் முற்றிய சலரோகக்காரர்.

இதில் என்னைக் கோபப்படுத்துவது பாரிசவாதம்தான். அரிவுவெட்டு நேரம் வந்தால் கிளினிக் போவதில்லை, பிரஷர் குளிசையும் நின்றுவிடும். பிரஷர் வலிக்காது, அதுதான் சிக்கல். பிறகு ஒருநாள் வாய் கோணி, கை சோரும். அப்போதும் எண்ணெய் பூசிக்கொண்டு விடியும்வரை இருப்பவர்கள் உண்டு. இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும், அதுவும் ஸ்கேன் பார்த்த பிறகு. உட்கிராமங்களிலிருந்து வரும் தூரத்தை நீங்களே கணக்குப் போடுங்கள்.

சரி, காசு? ஊருக்கு ஊர் மரண உதவிச் சங்கம் வைத்திருக்கிறோம். உழைக்கிற ஆள் உயிரோடு படுத்துவிட்டால் ஒன்றும் இல்லை. லீசிங் தவணை மட்டும் நிற்காது. மோட்டார் சைக்கிளுக்குக் காப்புறுதி இருக்கிறதே என்பார்கள். பொலிசுக்குக் காட்ட எடுக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி நீங்கள் மோதிய ஆளுக்குத்தான், ஓட்டியவருக்கு அல்ல. ஆயுள் காப்புறுதி வைத்திருப்பவர்களும் நிரந்தர இயலாமை அதில் சேர்ந்திருக்கிறதா என்று ஒருதரம் பத்திரத்தைப் பாருங்கள். சொந்த வயல் செய்பவருக்கு இது இன்னும் முக்கியம், அவருக்கு முதலாளி யாரும் இல்லையே.

கூலிக்குப் போகிறவர்களுக்குச் சட்டம் கொஞ்சம் கைகொடுக்கும். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம்; ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம். தற்காலிக வேலையாளுக்கும் இது உரியது. நிரந்தரமாக வேலை செய்ய முடியாமல் போனால் சேமலாப நிதியை ஓய்வு வயதுக்கு முன்பே எடுக்கலாம். வேலையில் காயப்பட்டால் நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது.

அதற்கு எழுத்தில் சான்று வேண்டும். எங்கே, எப்படி விழுந்தீர்கள் என்பதை வைத்தியசாலையில் உள்ளபடி சொல்லிப் பதியுங்கள், நோய் நிர்ணய அட்டையைப் பத்திரமாக வையுங்கள். “வீட்டில விழுந்ததெண்டு சொல்லு, செலவை நான் பாக்கிறன்” என்று கொந்தராத்துக்காரர் கேட்டால் தலையாட்டாதீர்கள்.