வெள்ளம் வடிந்த பிறகுதான் விளைச்சல்

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தை ஐப்பசி, கார்த்திகையில் பார்த்தால் தண்ணீர் செம்மண் கரைசலாக ஓடும். சேலம் பக்கத்து மலைகளில் தொடங்கி, வழியில் உள்ள வயல்களையெல்லாம் அலசிக்கொண்டு வந்த தண்ணீர் அது. விவசாயிகள் தழைச்சத்து என்று சொல்லும் நைட்ரஜன், மணிச்சத்து என்று சொல்லும் பாஸ்பரஸ் இரண்டும் ஆண்டிலேயே அதிகமாக இந்தக் கழிமுகத்துக்கு வந்து சேருவது அப்போதுதான்.

சரி, உரம் இவ்வளவு வந்தால் தண்ணீரில் மிதந்து வாழும் நுண்தாவரங்கள் அந்த மாதங்களில்தானே பெருக வேண்டும்? நடப்பது நேர்மாறு. அடைமழைக் காலத்தில் அவை மிகக் குறைந்துவிடுகின்றன. மழை ஓய்ந்த பிறகு மெல்ல ஏறி, கோடையில் உச்சம் தொடுகின்றன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இந்த ஆற்றங்கரையிலேயே இருப்பதால், இந்த ஏற்ற இறக்கம் பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது.

முதல் காரணம் வெளிச்சம். கறுப்பும் வெள்ளையும் பூசிய சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டத் தகடு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் இறக்குவார்கள். செக்கி தட்டு என்று பெயர். 1865-இல் இத்தாலியப் பாதிரியார் ஆஞ்செலோ செக்கி வெள்ளைத் தட்டை வைத்துச் செய்து பார்த்த முறை இது, இன்றும் படகுகளில் இருக்கிறது. தட்டு எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று கயிற்றில் அளந்தால் போதும். வெள்ளக் காலத்துக் கலங்கலில் அது கைக்கெட்டும் ஆழத்திலேயே மறைந்துவிடும். மிதவைத் தாவரமும் தாவரம்தான். எவ்வளவு உரம் சுற்றி இருந்தாலும் வெயில் படாமல் அது உணவு தயாரிக்க முடியாது.

இரண்டாவது காரணம் அவகாசம். எனக்கு இதுதான் முக்கியமானதாகப் படுகிறது. நல்ல சூழலில் ஒரு செல் ஏறக்குறைய ஒரு நாளில் இரண்டாகப் பிரியும். இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, பத்தே நாளில் ஒன்று 1,024 ஆகிவிடும். ஆனால் வெள்ளம் வேகமாக ஓடும்போது, அந்தச் செல் பிரிவதற்கு முன்பே அது மிதந்துகொண்டிருக்கும் தண்ணீர் கடலுக்குப் போய்விடுகிறது. பந்தி முழுக்க இலை போட்டுப் பரிமாறியாகிவிட்டது, உட்காரத்தான் யாருக்கும் நேரமில்லை.

மழை நின்று ஆறு தளர்ந்ததும் கடல்நீர் உள்ளே ஏறத் தொடங்குகிறது. அப்புறம் நடப்பதை எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு வியப்பு தீருவதில்லை. ஆற்றுநீரில் களிமண் துகள்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கின்றன. உப்புநீர் பட்டதும் அந்த விலக்கம் குறைந்து, துகள்கள் ஒட்டித் திரண்டு அடியில் படிகின்றன. தண்ணீர் தெளிகிறது, வெளிச்சம் இறங்குகிறது. களிமண்ணில் ஒட்டிக்கொண்டு வந்த பாஸ்பேட்டில் ஒரு பகுதியும் உப்புநீரில் விடுபட்டு மெல்ல வெளியே வருகிறது. வெள்ளம் கொண்டுவந்த சத்தைச் சேறு பத்திரமாக வைத்திருந்து கொடுப்பது போல.

இப்போது மெல்லிய வலையை அந்த நீரில் இழுத்து, ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பாருங்கள். பெரும்பாலும் கண்ணில் படுவது டயாட்டம் என்னும் ஒரு செல் மிதவைத் தாவரம். சில்லறைக் காசு போல வட்டமாக, ஊசி போல நீளமாக, மணி கோத்த மாலை போல வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கண்ணாடி போன்ற ஓடு, அந்த ஓட்டில் வரிசை பிசகாத நுண்துளைகள். ஓடு சிலிகாவால் ஆனது. நெல் உமியைச் சொரசொரப்பாக்குவதும் இதே சிலிகாதான். மலைப்பாறை மழையில் கரைந்து ஆற்றோடு வருவதால், கழிமுகத்துக்கு இது பெரும்பாலும் ஆறு தரும் சீதனம்.

சத்துகள் இருந்தால் மட்டும் போதாது, அளவும் பொருந்த வேண்டும். கடல் மிதவையுயிரிகளின் உடலில் ஒரு பாஸ்பரஸ் அணுவுக்குச் சுமார் 16 நைட்ரஜன் அணுக்களும் 106 கரிம அணுக்களும் இருப்பதை அமெரிக்கரான ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டின் ஆய்வுகள் காட்டின. டயாட்டத்துக்கு நைட்ரஜன் அளவுக்கே சிலிகாவில் உள்ள சிலிக்கனும் தேவை. இதில் எது முதலில் தீருகிறதோ அதோடு வளர்ச்சி நின்றுவிடும். பொதுவாக நன்னீரில் பாஸ்பரஸும் கடலில் நைட்ரஜனும் முதலில் தீரும். கழிமுகம் இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் பருவத்துக்குப் பருவம் இந்தக் கணக்கு மாறுகிறது.

யூரியா, டி.ஏ.பி. உரங்கள் வயலிலிருந்து வழிந்து வரும்போது இந்த விகிதம் கெடுகிறது. நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஏறுகின்றன, சிலிகா ஏறுவதில்லை. அணை கட்டினால் நிலைமை இன்னும் மோசம். தேங்கிய நீரிலேயே டயாட்டங்கள் வளர்ந்து மடிந்து, சிலிகாவை அணையின் அடியிலேயே புதைத்துவிடுகின்றன. கீழே கழிமுகத்தில் சிலிகா தேவைப்படாத வேறு வகைகள் இடம் பிடிக்கின்றன. அவற்றில் சில நச்சுள்ளவை. கூட்டமாகப் பெருகியது கூட்டமாகவே மடியும். அதை மட்கவைக்கும் பாக்டீரியாக்கள் அடிநீரின் ஆக்சிஜனைக் குடித்துத் தீர்க்கின்றன. மேலே லேசான நன்னீரும் கீழே கனமான உப்புநீரும் கலக்காமல் நிற்கும்போது புது ஆக்சிஜனும் கீழே போகாது. மிசிசிப்பி ஆறு கலக்கும் மெக்சிகோ வளைகுடாவில் 2017 கோடையில் இப்படி மூச்சுமுட்டிய பரப்பு சுமார் 22,700 சதுர கிலோமீட்டர்.

ஆறு கொண்டுவரும் சத்து குறைந்தாலும் அடிதான். எகிப்தின் அஸ்வான் உயர் அணையில் 1964-இல் நீர் தேக்கத் தொடங்கினார்கள். அதுவரை நைல் வெள்ளம் வந்து முடிந்ததும் கடலோரத்தில் டயாட்டங்கள் பெருகும், அதைத் தேடி சாளை மீன் கூட்டம் வரும். ஆண்டுக்குச் சுமார் 18,000 டன் கிடைத்த சாளை, சில ஆண்டுகளிலேயே ஆயிரம் டன்னுக்கும் கீழே இறங்கியது. 1980-களில் அந்தக் கடலில் மீன்பிடிப்பு மறுபடி உயர்ந்தது. நகரங்களின் கழிவுநீரும் வயல் உரமும் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள்.

வெள்ளாற்றில் மழை முடிந்து சேறு படிந்ததும், டயாட்டத்தை மேய கோபிபாட் என்னும், இறாலுக்குத் தூரத்து உறவான மிகச் சிறிய உயிர்கள் திரளும். கடலில் முட்டையிலிருந்து வெளிவந்த இறால் குஞ்சுகளும் வளர்வதற்குக் கடல் ஏற்றத்தோடு உள்ளே வரும். அவை வரும்போது நுண்ணோக்கிச் சொட்டில் அந்தக் கண்ணாடி ஓடுகள் தயாராக இருக்க வேண்டும்.