பாட்டில் சட்டையாகிறது, சட்டை ஏன் சட்டையாவதில்லை?

பழைய சட்டை ஒன்றின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியால் பிடித்து, மெழுகுவத்திச் சுடருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். கீழே ஒரு தட்டில் தண்ணீர் வைத்துக்கொள்வது நல்லது. பருத்தி நூல் என்றால் காகிதம் எரிகிற வாடையோடு பற்றிக்கொண்டு, தொட்டால் பொடிகிற சாம்பலாக முடியும். பாலியஸ்டர் நூல் என்றால் சுடர் படுவதற்கு முன்பே சுருங்கிப் பின்வாங்கும். அப்புறம் உருகி, நுனியில் கடுகளவு கருத்த மணியாக உருண்டு நிற்கும். ஆறியபின் அந்த மணியை நசுக்க முடியாது. கல் மாதிரி இறுகியிருக்கும்.

செயற்கை இழைகளை மறுசுழற்சி செய்யலாம் என்ற நம்பிக்கை அந்த மணியிலிருந்துதான் பிறக்கிறது. பருத்தி எரியும், உருகாது. பாலியஸ்டர் உருகும். உருகுகிற பொருளை மறுபடி வார்க்கலாம், மறுபடி இழுத்து நூலாக்கலாம். அப்படியானால் நைந்துபோன பாலியஸ்டர் சட்டையை உருக்கிப் புதுச் சட்டை செய்வது சுலபமாகத்தானே இருக்க வேண்டும்? ஆனால் 'மறுசுழற்சி பாலியஸ்டர்' என்று சீட்டு தொங்குகிற ஆடைகளில் அநேகமாக எல்லாமே தண்ணீரும் குளிர்பானமும் அடைத்து விற்ற பாட்டில்களிலிருந்து வந்தவை. பழைய துணி அந்தக் கதையில் வருவதே அபூர்வம்.

2023இல் உலகில் உற்பத்தியான எல்லா இழைகளும் சேர்ந்து சுமார் 12.4 கோடி டன். அதில் 57 சதவீதம் பாலியஸ்டர். அந்தப் பாலியஸ்டரில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு மறுசுழற்சி செய்யப்பட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய துணியும் வெட்டுத் துண்டுகளும் திரும்ப இழையாகி வந்த அளவு, மொத்த இழையில் 1 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

பாட்டிலும் சட்டையும் ஒரே பொருள் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். இரண்டும் 'பெட்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் பாலிஎத்திலீன் டெரெஃப்தாலேட்தான். இதில் துணிதான் மூத்தது. 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இரண்டு வேதியியலாளர்கள் இதை இழையாகத்தான் உருவாக்கினார்கள். பாட்டிலாக ஊதலாம் என்று அமெரிக்காவில் நத்தானியல் வையத் காப்புரிமை பெற்றது 1973இல். அப்புறம் 1993இல் பாட்டகோனியா நிறுவனம் பாட்டில்களிலிருந்து குளிராடை செய்து விற்றது. தம்பியை உருக்கி அண்ணனாக்கிய வேலை அது.

பாட்டில் எப்படி நூலாகிறது? சேகரித்த பாட்டில்களை நிறவாரியாகப் பிரித்து, நொறுக்கி, நகத்தளவு செதில்களாக்குவார்கள். அந்தச் செதில்களைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டினால் பாதி வேலையைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும். மூடி பாலிபுரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். இரண்டும் தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தவை, மிதக்கும். பெட்டின் அடர்த்தி 1.38, மூழ்கும். மேலே வருவதை வழித்தெடுத்துவிட்டால் தீர்ந்தது. இந்தத் தந்திரம் பலிக்காத முக்கிய எதிரி பிவிசி. அதன் அடர்த்தி கிட்டத்தட்ட பெட் அளவுதான், சேர்ந்தே மூழ்கும். உருக்கும் சூட்டில் அது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கக்கி, சுற்றியிருக்கும் பெட்டை மஞ்சளாக்கிக் கெடுத்துவிடும். துளியூண்டு கலந்தாலே போதும்.

கழுவிய செதில்களை அப்படியே உருக்கிவிட முடியாது. முதலில் உலர்த்த வேண்டும், அதுவும் சாதாரணமாக அல்ல. ஈரம் 10 லட்சம் பங்கில் 50 பங்குக்கும் கீழே இறங்கும்வரை சூடான வறண்ட காற்றில் மணிக்கணக்காக வைத்திருப்பார்கள். இத்தனை கெடுபிடிக்குக் காரணம் மூலக்கூறில் இருக்கிறது. பெட் என்பது ஒரு நீளச் சங்கிலி. நூற்றுச்சொச்சம் கண்ணிகள் கோத்தது. ஒவ்வொரு இணைப்பு உருவாகும்போதும் ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியே தள்ளப்பட்டிருக்கிறது. அதிகச் சூட்டில் தண்ணீர் அருகில் இருந்தால் அது திரும்பி வந்து அதே இணைப்பை அறுக்கும். ஈரத்தோடு உருக்கினால் உருக்கும் உலையில் நடப்பது வார்ப்பு அல்ல, கத்தரிப்பு.

சங்கிலி அறுந்தால் என்ன கெட்டுவிடும்? நீளமான நூல்கள் பத்து ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டால் பிய்க்க முடியாது. அதே நூல்களை விரல்கடை அளவுக்கு நறுக்கிவிட்டால் உதறினாலே உதிர்ந்துவிடும். இழையின் பலமும் இந்தச் சிக்கலில்தான் இருக்கிறது. தொழிலில் இதைக் கரைசலின் பாகுநிலையை, அதாவது அது எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பதை வைத்து அளப்பார்கள்; சங்கிலி நீள நீள எண் கூடும். பாட்டிலுக்கான பெட்டில் அந்த எண் 0.8ஐ ஒட்டி இருக்கும். துணிக்கான இழைக்கு 0.6 சொச்சம் போதும். அதாவது பாட்டிலின் சங்கிலி நீளமானது. கழுவி, உருக்கி, வழியில் கொஞ்சம் அறுந்தாலும் துணிக்கு வேண்டிய நீளம் மிச்சமிருக்கும். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் ஓடுவது போல இந்தப் பயணம் தானாகவே நடக்கிறது. ஏற்கெனவே பள்ளத்தில் இருக்கும் பழைய துணியை உருக்கினால் இன்னும் கீழேதான் போகும். அதை ஏற்றிவிட வழி உண்டு: குருணையாக்கி, உருகாத ஆனால் உருகலுக்கு நெருங்கிய 200 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில், வெற்றிடத்தில் பல மணி நேரம் வைத்தால் அறுந்த நுனிகள் மறுபடி இணைந்து சங்கிலி வளரும். செலவு பிடிக்கும் வேலை. பொருள் சுத்தமாகவும் இருக்க வேண்டும்.

உலர்ந்த செதில் சுமார் 280 டிகிரியில் உருகித் தேன்போல ஓடும். அதை நுண்ணிய வடிகட்டிகள் வழியே தள்ளி, முடியளவு துளைகள் நூற்றுக்கணக்கில் கொண்ட உலோகத் தட்டின் வழியே பிழிவார்கள். கீழே விழும் இழைகளைக் காற்று குளிர்விக்கும். துளையைவிடப் பெரிய மணல்துகள் ஒன்று வடிகட்டியைத் தாண்டினாலும் இழை அறுந்து ஓட்டம் நின்றுவிடும். அதனால்தான் இந்தத் தொழிலில் சுத்தத்துக்கு இவ்வளவு மரியாதை. இழுபடாத இழை பலவீனமானது. அதைச் சூடாக்கி மூன்று நான்கு மடங்கு நீளத்துக்கு இழுத்த பிறகே தாறுமாறாகக் கிடந்த சங்கிலிகள் வரிசைகட்டி, பகுதியளவு படிகமாகி, பலம் பெறுகின்றன. பருத்தியோடு கலந்து நூற்க வேண்டுமென்றால் கடைசியில் நெளிவு கொடுத்து, பருத்தி இழை அளவுக்குச் சுமார் 38 மில்லிமீட்டராக வெட்டிவிடுவார்கள்.

இவ்வளவும் பாட்டிலுக்கு. பாட்டில் என்பது ஒரே பொருளால் ஆன, ஏறத்தாழ நிறமற்ற, எளிதில் அடையாளம் காணக்கூடிய குப்பை. இப்போது ஒரு சட்டையைப் பிரித்துப் பார்ப்போம்.

சீட்டில் '100 சதவீதம் பருத்தி' என்று போட்டிருக்கும். தையலைப் பிரித்து நூலைச் சுடரில் காட்டினால் பெரும்பாலும் மணி விழும். தையல் நூல் பாலியஸ்டர். சீட்டின் கணக்கில் அது வராது. காலருக்கு உள்ளே விறைப்பான ஒட்டுத்துணி, அதன் பின்புறம் பசை. சீட்டே இன்னொரு பொருள். பித்தான் வேறு, ஜிப் வேறு. கால்சட்டையாக இருந்தால் இரண்டு மூன்று சதவீதம் எலாஸ்டேன் இருக்கும், இழுபடுவதற்காக. எலாஸ்டேன் பாலியூரித்தேன் வகை. பாலியஸ்டர் உருகும் சூட்டில் அது சிதைந்து, உருகலை நிறம் மாற்றி, வடிகட்டியை அடைக்கும். கிழிக்கும் எந்திரத்தில் போட்டாலோ ரப்பர் போல இழுத்துக்கொண்டு பற்களில் சுற்றிக்கொள்ளும். உடம்போடு ஒட்டி நிற்கட்டும் என்று சேர்த்த அந்த இரண்டு சதவீதம், மிச்சம் 98 சதவீதத்தின் எதிர்காலத்தையும் முடிவு செய்துவிடுகிறது.

சாயம் இன்னொரு தொல்லை. பாலியஸ்டருக்குச் சாயம் ஏற்ற 130 டிகிரியில் அழுத்தத்தோடு வேகவைக்க வேண்டும். சாயம் இழையின் மேலே ஒட்டாமல் உள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். பத்து நிறத் துணிகளைச் சேர்த்து உருக்கினால் கிடைப்பது அழுக்குச் சாம்பல் நிறம். போதாக்குறைக்கு, இழை கண்ணாடி போலப் பளபளக்கக் கூடாது என்று டைட்டானியம் டை ஆக்சைடு கலந்திருப்பார்கள். ஆகவே துணி திரும்பத் தெளிவான பாட்டிலாக முடியாது. பாட்டிலோ பாட்டிலாகப் பலமுறை திரும்ப முடிந்த பொருள். அதைச் சட்டையாக்கினால் அந்தச் சுற்றிலிருந்து அது வெளியேறிவிடுகிறது. 'பாட்டிலில் செய்த சட்டை' என்ற பெருமையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குத்தான் நினைவுக்கு வரும்.

சரி, துணியைத் துணியாகவே பிய்த்து மறுபடி நூற்றால்? இது பழைய வித்தை. 1813இல் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் பேட்லி என்ற ஊரில் பெஞ்சமின் லா கம்பளிக் கந்தலைப் பிய்த்துப் புதுக் கம்பளியோடு கலந்து நூற்றார். இத்தாலியின் பிராட்டோவும் நம் நாட்டின் பானிபட்டும் இன்றும் இதே தொழிலில் பெயர் பெற்றவை. ஆனால் முள் உருளைகள் துணியைப் பிய்க்கும்போது இழையும் அறுபடும். குட்டையான இழைகள் முறுக்கில் நிற்காது. நூல் தடிமனாகும், பஞ்சு பஞ்சாக உதிரும். புது இழையைச் சேர்த்தால்தான் நிற்கும். நூற்க முடியாதது மெத்தைக்குள் திணிப்பாகவும், வாகனங்களில் ஒலி தடுக்கும் அட்டையாகவும் போய்ச் சேரும். அதற்கடுத்த நிறுத்தம் குப்பைமேடு.

எதைப் பிய்ப்பது, எதை உருக்குவது என்று முதலில் தெரிய வேண்டுமே. கையால் தொட்டுப் பார்த்துப் பிரிக்கிற தேர்ந்த ஆட்கள் உண்டு. ஆனால் 60 சதவீதமா 40 சதவீதமா என்று விரல் சொல்லாது. அதற்காகத்தான் அண்மை அகச்சிவப்பு ஒளி. ஒவ்வொரு பொருளும் அந்த ஒளியில் தனக்கே உரிய சில அலைநீளங்களை விழுங்கும். திரும்பி வரும் ஒளியைப் பார்த்து எந்திரம் 'இது பருத்தி, இது நைலான்' என்று சொல்லி, காற்றை ஊதித் தொட்டிக்குள் தள்ளிவிடும். சுவீடனின் மால்மோவில் 2020 முதல் இப்படியொரு பெரிய நிலையம் இயங்கத் தொடங்கியது. ஆனால் ஒளி மேற்பரப்பைத்தான் பார்க்கும். உள்ளே வேறு துணி தைத்த கோட்டு அதை ஏமாற்றிவிடும்.

உருக்குவதும் பிய்ப்பதும் போதாது என்றால் மிச்சமிருப்பது ஒன்றுதான்: சங்கிலியை முழுவதுமாக அறுத்து, ஒவ்வொரு கண்ணியாக்கிவிடுவது. தண்ணீர், மெத்தனால், கிளைக்கால் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைச் சூட்டோடும் வினையூக்கியோடும் கொடுத்தால் பெட் தன் மூலப்பொருள்களாகப் பிரியும். உருக்கும்போது எதிரியாக இருந்த அதே கத்தரிப்பு இங்கே நாமே கூப்பிட்டு வைத்த வேலைக்காரன். கண்ணிகளைக் கரைசலில் வைத்துச் சாயத்தையும் அழுக்கையும் வடித்துவிட்டு, மறுபடி கோத்தால் கிடைப்பது புது பெட். பருத்தி கலந்த துணியிலும் இது உதவும்: பாலியஸ்டர் கரைசலில் பிரிந்துபோக, பருத்தி தனியே நிற்கும். நைலான் 6 இதில் இன்னும் சாது. அதற்குக் கேப்ரோலாக்டம் என்ற ஒரே வகைக் கண்ணிதான். மீன்வலைகளையும் தரைவிரிப்புகளையும் அக்வாஃபில் நிறுவனம் சுலோவேனியாவில் 2011 முதல் இப்படித் திரும்ப நைலானாக்குகிறது.

நொதிகளும் களத்தில் இறங்கிவிட்டன. ஜப்பானின் சக்காய் நகரில், பாட்டில் மறுசுழற்சி நடக்கும் இடத்தில், பெட்டைத் தின்று வாழும் ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்ததாக 2016இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 2020இல் பிரான்சில் வேறொரு நொதியைத் திருத்தியமைத்து, 72 டிகிரியில் 10 மணி நேரத்துக்குள் 90 சதவீத பெட்டை உடைத்துக் காட்டினார்கள். ஆனால் நொதிக்குப் படிகம் ஆகாது. வரிசைகட்டி இறுகிய சங்கிலிக்குள் அதால் நுழைய முடியாது. துணி இழையோ பலத்துக்காக இழுத்துப் படிகமாக்கப்பட்டது. முதலில் உருக்கி, சட்டென்று குளிரவைத்து, அந்த ஒழுங்கைக் கலைத்த பிறகுதான் நொதிக்குக் கொடுக்க முடியும்.

மறுசுழற்சியால் மாறாத ஒரு விஷயமும் இருக்கிறது. இழை எங்கிருந்து வந்தாலும் துவைக்கும்போது உதிரும். ஓர் உடையிலிருந்து ஒரு துவைப்பில் 1,900க்கும் மேற்பட்ட இழைகள் உதிரலாம் என்று 2011இல் வந்த ஆய்வு சொன்னது. ஆறு கிலோ துணியைத் துவைத்தால் ஏழு லட்சம்வரை போகலாம் என்றது 2016இல் வந்த இன்னொன்று. எண்கள் துணியையும் அளக்கும் முறையையும் பொறுத்து நிறையவே மாறும். உதிர்வது மட்டும் மாறாது.

இப்போது சிலர் ஆடை குப்பையாகும் முனையை விட்டுவிட்டு, அதைத் தைக்கும் முனையில் வேலை செய்கிறார்கள். அவர்கள் மாற்றுவது தையல் நூலை. துணியைவிடக் குறைந்த சூட்டில் உருகும் நூலால் ஆடையைத் தைத்துவிடுவது. பயன்படுத்தி முடித்ததும் ஆடையைச் சூளைக்குள் அனுப்புவது. நூல் விட்டுப்போகும். ஜிப் தனியாக, பித்தான் தனியாக, துணி துணியாகவே பிரிந்து கிடக்கும். கத்தரிக்கோல் பிடித்து ஒவ்வொரு சட்டையாகப் பிரிக்க ஆள் தேட வேண்டாம். நூல் இஸ்திரிப் பெட்டியின் சூட்டைத் தாங்க வேண்டும், சூளையின் சூட்டில் விட்டுக்கொடுக்க வேண்டும். அந்தச் சின்ன இடைவெளிக்குள் ஒரு நூலைப் பொருத்துவதுதான் அங்கே வேலை.