மெய்நிகர்: மாயமா, மெய்யா?

பள்ளி இயற்பியலில் ஆடிகள் பாடம் படித்தவர்களுக்கு மாய பிம்பம் நினைவிருக்கும். திரையில் பிடிக்க முடிந்தால் மெய் பிம்பம். முகம் பார்க்கும் கண்ணாடிக்குள் தெரிவது மாய பிம்பம். அந்த ‘மாய’வுக்கு ஆங்கிலத்தில் ‘வர்ச்சுவல்’. 2001இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பெயரிலும் அதே ‘வர்ச்சுவல்’தான், அங்கே அது ‘இணைய’ ஆகிவிட்டது. கணினி பற்றி எழுதும்போது ‘மெய்நிகர்’ என்கிறோம். ஒரே சொல் ஓரிடத்தில் மாயம், இன்னோரிடத்தில் மெய்க்கு நிகர். எதைத்தான் எடுத்துக்கொள்வது?

வேர் இலத்தீன். ‘விர்’ என்றால் ஆண், அதிலிருந்து ‘விர்த்தூஸ்’. நம் ஆண், ஆண்மை மாதிரியேதான். (வீரன் என்கிறோமே, அந்த வடமொழி ‘வீர’வும் ‘விர்’ருக்குப் பங்காளி.) ஆண்மை, ஆற்றல், பலன் தரும் வலிமை என்று பொருள் விரிந்து, இடைக்கால இலத்தீனில் ‘விர்த்துவாலிஸ்’ ஆயிற்று: ஆற்றலளவில் இருப்பது. போலி என்ற வாடையே அதில் இல்லை. அமெரிக்க மெய்யியலாளர் சார்லஸ் பர்ஸ் 1902இல் ஓர் அகராதிக்கு எழுதிய விளக்கத்தின் சாரம் இது: ஒன்று அந்தப் பொருள் அல்ல, ஆனால் அந்தப் பொருளின் பலனைத் தருகிறது என்றால் அது ‘வர்ச்சுவல்’. எனக்குத் தெரிந்து இதைவிடக் கச்சிதமான விளக்கம் இல்லை.

கல்லூரி வகுப்பில் வைத்துப் பார்த்தால் இது பளிச்சென்று புரியும். லிண்டன் லேப் நிறுவனம் 2003இல் திறந்த செகண்ட் லைஃப், கணினிக்குள் ஓர் உலகம். 2006இல் ஹார்வர்டில் சார்லஸ் நெசனும் அவர் மகள் ரெபெக்காவும் நடத்திய சட்டப் பாடத்தின் ஒரு பகுதி அங்கே ஒரு தீவில் நடந்தது. மாணவர் வீட்டில் இருப்பார்; அவருடைய உருவம் தீவில் உட்கார்ந்திருக்கும். அவர் தட்டச்சு செய்தால் அந்த உருவமும் காற்றில் விரல்களை ஆட்டும், சத்தத்தோடு. யாரோ பேச வருகிறார் என்று மற்றவர்கள் திரும்பிப் பார்க்கலாம். கொஞ்ச நேரம் விசைப்பலகையைத் தொடாமல் விட்டால் உருவத்தின் தலை அப்படியே தொங்கிவிடும். கடைசி பெஞ்சில் தூங்கும் மாணவனைப் பார்த்த வாத்தியாருக்கு என்ன தோன்றுமோ அதேதான் இங்கேயும் தோன்றும். தூக்கம் அல்ல, ஆனால் தூக்கத்தின் பலன். பர்ஸ் சொன்னது இதைத்தான். (நிலம் மெய்நிகர் என்றாலும் வாடகை மெய். கல்வி நிறுவனங்களுக்கான பாதி விலைச் சலுகையை நிறுத்தப்போவதாக லிண்டன் லேப் 2010இல் அறிவித்ததும் பல கல்லூரிகள் வேறிடம் தேடின. 2013இல் சலுகை திரும்ப வந்தது.)

ஆய்வாளர்களுக்கு இந்தப் பலன்தான் முக்கியம். 2005 செப்டம்பரில் பலர் இணையத்தில் சேர்ந்து ஆடும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில் ஒரு தனிப் பகுதிக்குள் மட்டும் இருக்கவேண்டிய நோய், வளர்ப்பு விலங்குகள் வழியாக நகரங்களுக்குப் பரவிவிட்டது. சிலர் ஓடினார்கள், சிலர் வைத்தியம் பார்க்க வந்தார்கள், சிலர் வேண்டுமென்றே பரப்பினார்கள். நோய் பொய், ஆட்களின் நடத்தை பொய்யல்ல. கொள்ளைநோய் வல்லுநர்கள் 2007இல் இதைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதினார்கள். அதே 2007இல் நிக் யீ, ஜெரமி பெய்லென்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கணினிக்குள் உயரமான உருவம் கொடுக்கப்பட்டவர்கள் பேரத்தில் அதிகம் விட்டுக்கொடுப்பதில்லை என்று காட்டினார்கள். இதையெல்லாம் ‘மாய உலகம்’ என்று எழுதினால் பாதி விஷயம் போய்விடுகிறது. மாயம் என்றால் ஏமாற்று, விலகிப்போகும் தோற்றம். கண்ணாடி பிம்பத்துக்கு அது பொருந்தும், வகுப்புக்குப் பொருந்தாது.

அப்புறம் ‘மெய்நிகர்’ என்ற ஆக்கம். ‘நிகர’ என்பது நன்னூல் அடுக்கும் உவம உருபுகளில் ஒன்று: ‘நேர நிகர அன்ன இன்ன’. முகம் நிலவுபோல என்றால் முகமே நிலவாகிவிடாது. அந்த எச்சரிக்கை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘மெய்’ இன்னும் சுவையானது. உண்மையும் அதுதான், உடம்பும் அதுதான். மெய், வாய், கண், மூக்கு, செவி என்று ஐம்பொறிகளை எண்ணுகிறோம். செகண்ட் லைஃபில் கண்ணுக்கும் செவிக்கும் வேலை உண்டு, மெய்க்குத்தான் கிடையாது. உண்மை என்ற பொருளில் சொல் சரியாக நிற்கிறது. உடம்பு என்ற பொருளில் கொஞ்சம் நொண்டுகிறது. ஆனாலும் மூலச்சொல்லில் இல்லாத இந்த இரட்டைப் பொருளை நான் குறையாக நினைக்கவில்லை.

பயன்படுத்தும்போது ஒன்றைக் கவனிக்கலாம். காணொளி அழைப்பில் நடக்கும் வகுப்பையும் பலர் மெய்நிகர் வகுப்பு என்று எழுதுகிறார்கள். அதற்கு ‘இணையவழி வகுப்பு’ போதும். இணையம் அங்கே வழி மட்டுமே. உள்ளே போய் உட்கார ஓர் இடம், பக்கத்தில் உட்கார ஓர் ஆள் என்று இருந்தால் அது மெய்நிகர் வகுப்பு.

உள்ளே போகும் உருவத்தின் பெயர்? ஆங்கிலத்தில் ‘அவதார்’. வடமொழியில் ‘அவ’ என்றால் கீழே. கடவுள் கீழிறங்கி வருவது அவதாரம். 1980களில் கணினி விளையாட்டுகளை உருவாக்கியவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் புதுச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை, ‘அவதாரம்’ என்றே எழுதலாம். ‘அவதார்’ என்று வாலை வெட்டி எழுதுவதுதான் எனக்கு உறுத்துகிறது.