கேபிளை மாட்டியும் ஜிபிஎஸ் ஏன் பேசவில்லை?

கையடக்க ஜிபிஎஸ் வைத்திருப்பவர்களுக்குக் கருவியைவிட அதற்குள் சேமித்து வைத்த இடக்குறிகள், அதாவது பாயிண்ட்கள்தான் பெரிய சொத்து. மன்னார் வளைகுடாவில் தொழில் பார்க்கும் மீனவரின் கருவியில் மீன் கூடும் பார்கள் (கடலடிப் பாறைத் திட்டுகள்), வலை சிக்கி அறுந்த இடங்கள், கரைக்குத் திரும்பும் வழி என்று பல வருட அனுபவம் எண்களாக உட்கார்ந்திருக்கும். காட்டில் கணக்கெடுப்புக்குப் போகிறவரிடம் சுனைகளும் ஒற்றையடிப் பாதைகளும் இருக்கும். கருவி ஒருநாள் தண்ணீருக்குள் போனால் அத்தனையும் போச்சு. வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு நகல் இருந்தால் இந்தக் கவலையே இல்லை. ஆனாலும் பலர் நகல் எடுப்பதில்லை. ஒருமுறை கேபிளை மாட்டிப் பார்த்திருப்பார்கள், திரையில் ஒன்றும் வந்திருக்காது, அதோடு விட்டிருப்பார்கள்.

ஒன்றும் வராததற்குக் காரணம் பெரும்பாலும் பழுது அல்ல. கம்பி சேர்ந்தால் மின்சாரம் போகும், அவ்வளவுதான். கருவி எந்த முறையில் பேசுகிறதோ அதே முறையில் கம்ப்யூட்டர் கேட்டால்தான் தகவல் வரும். கையடக்க ஜிபிஎஸ் கடைக்கு வந்த காலத்திலிருந்து இதுவரை மூன்று பேச்சு முறைகள் புழக்கத்தில் இருந்திருக்கின்றன. நம் கையில் இருக்கும் கருவி எதைப் பேசுகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதற்கு முன் கேபிளையே ஒருமுறை சந்தேகப்படுவது நல்லது. சாதாரண யுஎஸ்பி கேபிளுக்குள் நான்கு கம்பிகள் உண்டு. ஒன்றில் 5 வோல்ட், இன்னொன்று பூமி இணைப்பு, மிச்சம் இரண்டும் தகவலுக்கு. சார்ஜ் செய்ய மட்டும் விற்கும் மலிவுக் கேபிள்கள் சிலவற்றில் தகவல் கம்பிகள் இரண்டும் இருக்கவே இருக்காது. கருவிக்கு விளக்கு எரியும், ஆனால் கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு கருவி வந்ததே தெரியாது. வேறு கேபிள் போட்டுப் பார்க்காமல் மென்பொருளோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

சரி, முதல் பேச்சு முறைக்கு வருவோம். அமெரிக்காவின் தேசியக் கடல்சார் மின்னணுவியல் சங்கம் 1983-இல் ஒரு தரத்தை வெளியிட்டது. சங்கத்தின் பெயரை ஒட்டி அதை என்எம்இஏ 0183 என்பார்கள். ஆழமானி, திசைகாட்டி, தானியங்கிச் சுக்கான் என்று கப்பலில் வெவ்வேறு நிறுவனங்கள் செய்த கருவிகள் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்பது நோக்கம். கையடக்க ஜிபிஎஸ் அதற்குப் பிறகுதான் வந்தது. மெகெல்லன் நிறுவனம் பொதுமக்களுக்கென்று முதல் கருவியை விற்றது 1989-இல். கடலுக்கென்று வகுத்த பேச்சு அப்படியே கைக்கருவிக்கும் வந்து சேர்ந்தது.

இந்த முறையில் எல்லாமே மனிதர் படிக்கக்கூடிய எழுத்துகள்தான். ஒவ்வொரு வாக்கியமும் டாலர் குறியில் தொடங்கும். பிறகு இது என்ன வாக்கியம் என்று சொல்லும் ஐந்து எழுத்துகள். அப்புறம் காற்புள்ளி போட்டுப் போட்டு நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, எத்தனை செயற்கைக்கோள்கள் கிடைத்தன, உயரம் எவ்வளவு என்று வரிசையாக வரும். மொத்தம் 82 எழுத்துக்குள் முடிய வேண்டும். வேகம் நொடிக்கு 4800 பிட் (பிட் என்பது ஒரு 0 அல்லது 1). ஒரு எழுத்துக்குத் தொடக்க, முடிவுக் குறிகளோடு 10 பிட் ஆகும் என்பதால் நொடிக்கு 480 எழுத்துகள், அதாவது முழு நீள வாக்கியங்கள் ஐந்து. இன்றைக்கு இது மிகக் குறைவாகத் தோன்றும். ஆனால் படகின் இடத்தை நொடிக்கு ஒருமுறை சொல்ல இதற்கு மேல் எதற்கு?

வாக்கியத்தின் கடைசியில் ஒரு நட்சத்திரக் குறியும் இரண்டு இலக்கங்களும் இருக்கும். எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்தது அதுதான். டாலருக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவே இருக்கும் ஒவ்வொரு எழுத்தின் பிட்களையும், அதுவரை கிடைத்த விடையோடு ஒப்பிடுகிறார்கள். இரண்டு பிட்டும் ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1. இப்படியே கடைசி எழுத்து வரை போனால் எட்டு பிட் மிஞ்சும். அதைத்தான் அந்த இரண்டு பதினாறடிமான (0 முதல் 9, A முதல் F) இலக்கங்களாக எழுதுகிறார்கள். கம்ப்யூட்டரும் தன் பங்குக்கு அதே கணக்கைப் போடும். வழியில் என்ஜின் இரைச்சலால் ஒரே ஒரு பிட் புரண்டிருந்தாலும் விடை ஒத்துப்போகாது, வாக்கியத்தை அப்படியே தள்ளிவிடும். தப்பான இடத்தை நம்புவதைவிட அடுத்த நொடிக்காகக் காத்திருப்பது மேல்.

இந்த வாக்கியத்தில் சொந்தமாக நிரல் எழுதுகிறவர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு. ராமேஸ்வரத்துப் பக்கம் ஓர் இடத்தின் அட்சரேகை 0917.2800 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு இலக்கம் டிகிரி, மீதி நிமிடம். 9 டிகிரி, 17.28 நிமிடம். நிமிடத்தை 60-ஆல் வகுத்துச் சேர்த்தால் 9.2880 டிகிரி. வகுக்காமல் புள்ளியை மட்டும் நகர்த்தி 9.1728 என்று படித்துவிட்டால் 12 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போய் நிற்போம். வரைபடத்தில் பாயிண்ட் எல்லாமே ஒரு பக்கமாகத் தள்ளித் தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

உயரத்தைப் பற்றியும் அந்த வாக்கியம் ஒரு சுவாரசியமான தகவல் சொல்கிறது. ஜிபிஎஸ் கணக்கு, பூமியை மழமழப்பான நீள்கோளமாக எடுத்துக்கொண்டு அதற்கு மேல் எவ்வளவு உயரம் என்று காண்கிறது. நிஜக் கடல்மட்டம் ஈர்ப்புவிசைக்கு ஏற்ப மேடும் பள்ளமுமாக இருக்கிறது. உலகத்திலேயே மிக ஆழமான பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில்தான், 106 மீட்டர். தமிழ்நாட்டுக் கடற்கரையும் அந்தச் சரிவில்தான் இருக்கிறது. அதனால் இங்கே கடல்மட்டமே அந்தக் கற்பனைக் கோளத்துக்கு 80 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. கைக்கருவி உள்ளே ஒரு அட்டவணை வைத்துத் திருத்தி, எவ்வளவு திருத்தினேன் என்பதையும் வாக்கியத்தில் தனியாகச் சேர்த்து அனுப்பும். செல்பேசிச் செயலிகள் சில இந்தத் திருத்தத்தைச் செய்வதில்லை. மெரினாவில் நின்றுகொண்டு உயரம் மைனஸ் 85 என்று காட்டினால் போன் கெட்டுப்போகவில்லை.

என்எம்இஏ ஒருவழிப் பேச்சாகத்தான் பெரும்பாலும் பயன்படுகிறது. நான் இப்போது இங்கே இருக்கிறேன் என்று மட்டும் கருவி சொல்லிக்கொண்டிருக்கும். போன வருடம் சேமித்த பாயிண்ட்களைக் கொடு என்று கேட்க அது தோதுப்படாது. அதற்காக நிறுவனங்கள் தங்களுக்கென்று தனிப் பேச்சு முறைகளை வைத்துக்கொண்டன. கார்மினுடைய முறை அவற்றில் பரவலானது. 2000-இல் வந்த அந்த நிறுவனத்தின் மஞ்சள் நிற ஈட்ரெக்ஸ் கைக்கருவியும் இதைத்தான் பேசியது. இங்கே படிக்கக்கூடிய எழுத்துகள் இல்லை, எல்லாம் பைனரி, அதாவது கம்ப்யூட்டருக்கு மட்டும் புரியும் எண்கள். கம்ப்யூட்டர் முதலில் நீ எந்த மாடல் என்று கேட்கும், கருவி பதில் சொல்லும். பாயிண்ட் கொடு என்றால் எத்தனை வரப்போகின்றன என்று முதலில் சொல்லிவிட்டு ஒவ்வொரு பொட்டலமாக அனுப்பும். ஒவ்வொன்றுக்கும் வந்து சேர்ந்தது என்ற பதில் திரும்ப வர வேண்டும். வராவிட்டால் அதையே மறுபடி அனுப்பும்.

இடத்தைச் சொல்லும் விதமும் வேறு. 180 டிகிரியை 2-இன் 31-ஆம் அடுக்குக்குச் சமமாக வைத்துக்கொண்டு முழு எண்ணாகச் சொல்கிறது. மேலே பார்த்த 9.2880 டிகிரி 11,08,10,156 என்று ஆகிவிடும். பூமத்திய ரேகையின் சுற்றளவை இப்படி 32 பிட்டில் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு சென்டிமீட்டரைவிடக் குறைவு. சில மீட்டர் பிசகுகிற கருவிக்கு இது தேவைக்கு மேலான நுட்பம்தான். ஆனால் பழைய கருவிகளுக்குள் இருக்கும் சிறு ப்ராசஸர்களுக்குத் தசமப் புள்ளிக் கணக்கைவிட முழு எண் கணக்கு மிகவும் எளிது. அதற்காகவே இந்த ஏற்பாடு.

இந்த இரண்டு முறைகளும் ஓடியது ஆர்எஸ்-232 சீரியல் கம்பியில். 1960-இல் வந்த தரம் அது. 1 என்பதற்கு எதிர் மின்னழுத்தம், 0 என்பதற்கு நேர் மின்னழுத்தம், 3 முதல் 15 வோல்ட் வரை. இன்றைய லேப்டாப்பில் அந்த ஒன்பது முள் துளை கிடையாது. யுஎஸ்பியிலிருந்து சீரியலுக்கு மாற்றும் கேபிள் வேண்டும். அதன் தலைக்குள் எஃப்டிடிஐ, ப்ரோலிஃபிக் போன்ற நிறுவனங்களின் சிப் இருக்கும், அதை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளும் வேண்டும். போட்டதும் விண்டோஸ் அந்த இணைப்புக்கு காம் போர்ட் என்று ஒரு எண் கொடுக்கும், லினக்ஸில் ஒரு சாதனப் பெயர் கிடைக்கும். மென்பொருளில் அதே எண்ணைக் கொடுத்து, கருவியின் அமைப்புப் பக்கத்தில் இருக்கும் முறையையும் பார்க்க வேண்டும். கருவி என்எம்இஏ-வில் இருந்து, மென்பொருள் கார்மின் முறையில் கேட்டால் இரண்டும் நாள் முழுக்க ஒன்றையொன்று புரிந்துகொள்ளாது. வேகமும் ஒத்துப்போக வேண்டும். முதலாவதற்கு 4800, இரண்டாவதற்கு 9600. இந்த வேகத்தில் பத்தாயிரம் புள்ளி கொண்ட ஒரு நடைத்தடத்தை இறக்க ஐந்து நிமிடம் போல ஆகும். நின்றுவிட்டதோ என்று கேபிளைப் பிடுங்கிவிடாதீர்கள்.

அடுத்து யுஎஸ்பி காலம். கருவியை மாட்டியதும் அது தகவல் கம்பி ஒன்றை 1.5 கிலோ ஓம் மின்தடை வழியாக மேலே இழுக்கிறது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று கம்ப்யூட்டர் அறிவது அப்படித்தான். உடனே, உன் தயாரிப்பாளர் எண் என்ன, மாடல் எண் என்ன, நீ எந்த வகை என்று கேட்கும். இங்கேதான் கருவிகள் இரண்டாகப் பிரிகின்றன. முதல் தலைமுறை யுஎஸ்பி ஈட்ரெக்ஸ்கள், தங்கள் பழைய பைனரிப் பேச்சையே யுஎஸ்பி கம்பியில் பேசின. அவற்றை மாட்டினால் பென் டிரைவ் மாதிரி எதுவும் திறக்காது. கார்மின் டிரைவரும், ஜிபிஎஸ்பேபல் போன்ற இலவச மென்பொருளும் தேவை. லினக்ஸ்காரர்களுக்கு ஒரு குறிப்பு: லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கும் ஒரு கார்மின் மாட்யூல் (டிரைவர் போன்ற துணை நிரல்) கருவியை முந்திப் பிடித்துக்கொண்டு ஜிபிஎஸ்பேபலைத் தடுக்கும். அந்த மாட்யூலை ஏற்றவிடாமல் நிறுத்தினால் வேலை நடக்கும்.

மூன்றாவது முறை இன்னொரு பிரிவினுடையது. 2011-இல் வந்த ஈட்ரெக்ஸ் 10, 20, 30 போன்றவை நான் ஒரு சேமிப்பு வட்டு என்றே தன்னை அறிமுகம் செய்துகொள்கின்றன. டிரைவர் வேண்டாம், ஃபோல்டர் திறக்கும், உள்ளே கார்மின் என்ற ஃபோல்டர், அதற்குள் ஜிபிஎக்ஸ் என்ற ஃபோல்டர், பாயிண்ட்கள் அதில்தான். அந்த நேரத்தில் கருவியின் திரையில் வரைபடம் மறைந்து ஒரு கம்ப்யூட்டர் படம் மட்டும் தெரியும். காரணம் இருக்கிறது. ஒரே வட்டில் கருவியும் கம்ப்யூட்டரும் ஒரே சமயம் எழுதினால் கோப்புப் பட்டியல் குழம்பிப்போகும். அதனால் கருவி தன் நினைவகத்தை முழுசாகக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. திரும்ப எடுக்கும்போது 'பாதுகாப்பாக நீக்கு' என்று கொடுக்கச் சொல்வதும் இதனால்தான். எழுத வேண்டியதில் கொஞ்சம் இன்னும் கம்ப்யூட்டரின் நினைவகத்திலேயே நின்றிருக்கலாம்.

ஜிபிஎக்ஸ் கோப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2002-இல் வந்த திறந்த வடிவம், சாதாரண எழுத்துக்கோப்பு, நோட்பேடில்கூடப் படிக்கலாம். கியூஜிஐஎஸ், கூகுள் எர்த் என்று வரைபட மென்பொருள்கள் எல்லாம் அதைத் திறக்கும். எந்தப் பழைய கருவியாக இருந்தாலும் பாயிண்ட்களை இந்த வடிவத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டால் நாளைக்கு நிறுவனமே இல்லாமல் போனாலும் கவலையில்லை.

நேரம் சம்பந்தமாக இரண்டு எச்சரிக்கைகள். பழைய கருவிகள் பலவற்றில் நடந்த தடத்தைச் 'சேமி' என்று கொடுத்தால் புள்ளிகளைக் குறைத்து, நேரத்தையும் அழித்துவிட்டுத்தான் சேமிக்கும். எப்போது எங்கே இருந்தோம் என்பது வேண்டுமானால் சேமிப்பதற்கு முன்னால், ஓடிக்கொண்டிருக்கும் பதிவையே கம்ப்யூட்டருக்கு இறக்கிவிட வேண்டும். இன்னொன்று, செயற்கைக்கோள்கள் வார எண்ணை 10 பிட்டில் அனுப்புகின்றன. 1980 ஜனவரி 6-இல் தொடங்கிய எண்ணிக்கை 1024 வாரத்துக்கு ஒருமுறை மறுபடி சுழியத்துக்கு வரும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அது நடந்தது. பழைய கருவிகள் பல இதனால் தேதியை 7168 நாள் பின்னால் காட்டுகின்றன, இடம் மட்டும் சரியாகவே இருக்கும். தடத்தின் நேரத்தை மொத்தமாக முன்தள்ளும் வசதி ஜிபிஎஸ்பேபலில் உண்டு. 7168 நாள் கூட்டினால் போதும்.

எல்லாம் சரியாக இறங்கியும், பழைய இந்திய நிலவரைபடத்தின் மேல் போட்டால் பாயிண்ட்கள் நூறு மீட்டருக்கு மேல் விலகி நிற்கலாம். அந்த வரைபடங்கள் 1830-இன் எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை. 1802-இல் சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவையின் வழி வந்தது அந்தக் கணக்கு. ஜிபிஎக்ஸ் கோப்போ டபிள்யூஜிஎஸ் 84 என்ற உலக அடிப்படையில் இருக்கும். கியூஜிஐஎஸ்ஸில் வரைபடத்துக்கு உரிய அடிப்படையைக் குறிப்பிட்டால் இரண்டும் பொருந்தும். கருவியைத் திருத்தப் போக வேண்டாம்.

திரும்பக் கருவிக்கு ஏற்றுவதும் இதே வழிதான். ஜிபிஎக்ஸ் கோப்பைக் கருவியின் ஜிபிஎக்ஸ் ஃபோல்டரில் போட்டால் புதிய கருவிகள் தானே எடுத்துக்கொள்ளும், பழையவற்றுக்கு ஜிபிஎஸ்பேபல் வழியாக அனுப்ப வேண்டும். பெயரில்தான் கொஞ்சம் இடிக்கும். மஞ்சள் ஈட்ரெக்ஸில் பாயிண்ட் பெயர் ஆறு எழுத்துக்கு மேல் போகாது, அதுவும் ஆங்கில எழுத்தும் எண்ணும்தான். ஜிபிஎக்ஸில் பெயருக்கென்று ஒரு இடமும் விளக்கத்துக்கென்று வேறு இடமும் இருப்பதால், பெயரில் குறுகிய எண்ணைப் போட்டுவிட்டு, பாரின் முழுப் பெயரையும் ஆழத்தையும் எந்த மாதம் என்ன மீன் என்பதையும் விளக்கத்தில் தமிழிலேயே எழுதி வைக்கலாம். கருவியில் எண் தெரியும், கம்ப்யூட்டரில் முழு விவரமும் தெரியும்.