அஸ்வெசும: டிவியில் நடக்கும் சண்டையும் கவுண்டரில் விழும் வெட்டும்

ஒரு சேனலைத் திறந்தால் ஏழைக் குடும்பங்களுக்கு மாதாமாதம் தரும் அஸ்வெசும நிவாரணத்தை இலங்கை அரசாங்கம் வெட்டிவிட்டது என்கிறார்கள். அடுத்த சேனலுக்குப் போனால் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு அள்ளிக் கொடுக்கிறோம் என்கிறார்கள். எந்தச் சேனல் யாருக்கு வேண்டியது என்பது மலையகத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், அதை வைத்துத்தான் வாக்குவாதம். விடிந்தால் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, போக வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு இந்தச் சண்டையில் எந்தக் கட்சி வென்றாலும் ஐந்து சதம் வரப்போவதில்லை.

திட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ், முன்பிருந்த சமுர்த்தி நிவாரணக் கொடுப்பனவுக்குப் பதிலாக 2023 ஜூலையில் அஸ்வெசும தொடங்கியது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என ஆறு தலைப்பின் கீழ் 22 அளவுகோல்களை வைத்துக் குடும்பத்துக்குப் புள்ளி போடுகிறார்கள். 2025 ஜனவரியிலிருந்து மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 17,500 ரூபா, வறிய குடும்பத்துக்கு 10,000 ரூபா. 2025இல் முதியோர் கொடுப்பனவு 5,000 ஆகவும், மாற்றுத்திறனாளிகளுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்குமானது 10,000 ஆகவும் கூட்டப்பட்டன. 2024இல் ஆட்சி மாறியது. திட்டம் தொடர்ந்தது. அதனால் இதை யார் கொண்டுவந்தது, யார் காப்பாற்றினார்கள் என்ற பேச்சை விட்டுவிடலாம்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் இந்த அரசியல்காரர்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டும். சர்வதேச நாணய நிதியத்தின் கடன் நிபந்தனைகளில் செலவைக் குறை என்பது மட்டும் இல்லை. சமூக உதவிக்கு இவ்வளவாவது செலவழி என்ற குறைந்தபட்ச இலக்கும் இருக்கிறது. 2024 டிசம்பர் முடிவில் எட்ட வேண்டிய இலக்குகளில் இலங்கை எட்டாமல் விட்டது அந்தச் சமூகச் செலவு இலக்கைத்தான். சொன்னது எதிர்க்கட்சி இல்லை, நாணய நிதியம். 2019ஆம் ஆண்டு அரசுக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் வறுமை 14.3 சதவீதம், தோட்டப்புறத்தில் 33.8 சதவீதம். செலவழிக்கச் சொன்ன பணம் மிஞ்சுகிறது, தோட்டத்தில் மூன்றில் ஒருவர் வறுமையில் இருக்கிறார். நடுவில் என்ன நடக்கிறது என்றால், படிவம் நடக்கிறது.

முதல் சிக்கல், குடும்பம் என்றால் யார் என்பது. லயத்தின் ஒரு காம்பிராவில், அதாவது ஒரு அறை வீட்டில், தாத்தா பாட்டி, கல்யாணமான மகன், அவர் மனைவி பிள்ளைகள், வாழாமல் திரும்பி வந்த மகள் என்று இருப்பார்கள். கணக்கெடுக்க வந்தவர் லய இலக்கம் ஒன்று என்பதால் எல்லோரையும் ஒரே படிவத்தில் எழுதிவிட்டுப் போவார். சம்பாதிக்கிற கை நான்கு என்று கணக்கு வரும், புள்ளி கவிழும். தனி அடுப்பு, தனிச் செலவு என்றால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள், தனிக் குடும்பமாக எழுதச் சொல்லுங்கள். முடியாது என்றால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரச் சொன்னதும் பாதிப் பேருக்கு முடியாதது முடிந்துவிடும். கொழும்பில் கடையில் நிற்கும் பையனைப் பற்றியும் யோசித்துச் சொல்லுங்கள். தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் மட்டும் வந்து போகிறவரை வீட்டில் இருப்பவராக எழுதினால் அவர் சம்பளமும் உங்கள் வருமானம் ஆகிவிடும். அதே நேரம் அவர் மாதாமாதம் அனுப்பும் பணத்தை மறைக்கவும் வேண்டாம். பிறகு யாராவது ஆட்சேபனை போட்டால் அது உங்களுக்கே எதிராக நிற்கும்.

அடுத்தது கரண்ட் பில். மாதம் எத்தனை யூனிட் என்பது கேட்கப்படும். பல லயங்களில் ஒரு மீட்டரில் இரண்டு மூன்று வீடுகள் ஓடுகின்றன. மீட்டர் யார் பெயரில் இருக்கிறதோ அவர் தலையில் மொத்த யூனிட்டும் விழுகிறது. பல்பு இரண்டும் ரைஸ் குக்கர் ஒன்றும் வைத்திருக்கும் குடும்பம் இப்படித்தான் வசதியான குடும்பம் ஆகிறது. பில்லின் பிரதியோடு, இந்த மீட்டரில் இத்தனை குடும்பம் என்று கிராம உத்தியோகத்தரிடம் ஒரு கடிதம் வாங்கி விண்ணப்பத்தோடு இணையுங்கள். அவர் தோட்ட ஆபீசுக்கு அனுப்பினால் அங்கேயும் ஒன்று வாங்குங்கள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டு இருந்தால், நீங்களே ஒரு கடிதம் எழுதி மற்ற வீட்டுக்காரர்களிடம் கையெழுத்து வாங்கி இணைத்துவிடுங்கள். கடிதமே இல்லாமல் போவதைவிட இது மேல்.

சம்பளச் சீட்டில் நம்மவர்கள் தாமாகவே போய் விழுகிறார்கள். வருமானம் எவ்வளவு என்று கேட்டால், டிவியில் சொன்ன நாட்சம்பளத்தை முப்பதால் பெருக்கிச் சொல்லிவிடுகிறார்கள், அதுவும் ஒரு பெருமையோடு. சம்பளம் 1,350 ஆனபோது இது ஊரெல்லாம் நடந்தது. மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைத்தது, கொழுந்து குறைந்ததால் அரைநாள் சம்பளம் மட்டும் எழுதி அரைப்பேர் போட்ட நாள் எத்தனை, இதெல்லாம் சீட்டில் இருக்கிறது. ஒரு அக்காவின் சீட்டை வாங்கிப் பார்த்தால் மேலே ஒரு நல்ல தொகை. கீழே போகப் போக ஊழியர் சேமலாப நிதி 8 சதவீதம், சங்கச் சந்தா, தேயிலைத்தூள், முற்பணம், கோவில் பணம் என்று கழிந்து கடைசி வரியில் நிற்பது வேறு தொகை. படிவத்தில் இருந்ததோ மேலே உள்ள தொகை. சீட்டுகளைக் கிழித்துப் போடாதீர்கள். வேலை குறைந்த மாதங்களின் சீட்டும் சேர்த்துக் கொண்டுபோங்கள். சேமலாப நிதி பிடிப்பதால் நீங்கள் மாதச் சம்பளக்காரர் என்று யாராவது எழுத வந்தால், நாட்கூலி என்று திருத்தச் சொல்லுங்கள்.

வாகனம் இன்னொரு பொறி. சில வருடத்துக்கு முன் ஆட்டோவை ஓப்பன் பேப்பரில் விற்றிருப்பீர்கள். வாங்கியவர் இன்னும் தன் பெயருக்கு மாற்றாமல் ஓட்டிக்கொண்டிருப்பார். அரசாங்கப் பதிவில் அது இன்றைக்கும் உங்கள் வாகனம். வீட்டு வாசலில் நிற்காத ஆட்டோவுக்காகப் பெயர் அடிபட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வாங்கியவரைத் தேடிப்பிடித்து மாற்றச் சொல்லுங்கள். விற்ற கடிதத்தின் பிரதி இருந்தால் மேன்முறையீட்டோடு கொடுங்கள்.

வீடு யாருடையது என்ற கேள்விக்கு "எங்களுடையதுதான், பாட்டன் காலத்திலிருந்து இருக்கிறோம்" என்று சொல்லாதீர்கள். மனதுக்கு அது சரி. ஆனால் லயக் காம்பிராவுக்கு உங்கள் கையில் உறுதிப் பத்திரம் இல்லை. உறுதி இருந்தால் மட்டும் சொந்தம் என்று சொல்லுங்கள், இல்லையென்றால் தோட்டத்துக் குடியிருப்பு என்று சொல்லுங்கள். கல்லுச்சுவர், தகரக் கூரை என்று எழுதிவிட்டு நல்ல வீடு என்று முடிப்பார்கள். கூரை ஒழுகுவதையும், குடிநீரும் மலசலகூடமும் பொது என்பதையும் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

சரி, விண்ணப்பம் போட்டாயிற்று. இனி அலைச்சல். கிராம உத்தியோகத்தர் பிரதேச செயலகத்துக்குப் போகச் சொல்வார். அங்கே ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசை. கடைசி மேசையில், "அதெல்லாம் கொழும்பிலதான் முடிவு, நாங்க ஒண்ணும் செய்ய ஏலாது அம்மா" என்பார்கள். ஒரு நாள் வேலையை விட்டு, பஸ் பிடித்து வந்த பெண் "சரி சேர்" என்று திரும்பிவிடுவார். அங்கேதான் வெட்டு விழுகிறது. வரவு செலவுத் திட்டப் புத்தகத்தில் இதற்குப் பக்கம் கிடையாது, எந்தச் சேனலும் அந்தக் கவுண்டருக்குக் கமராவோடு வருவதில்லை.

புள்ளியைக் கணினி போடுகிறது என்பது உண்மைதான். ஆனால் தகவல் பிழை என்றால் அதைத் திருத்த விண்ணப்பத்தை ஏற்றுக்கொள்ள வேண்டியது பிரதேச செயலகம். அதனால் வாயால் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். எழுத்தில் கொடுங்கள், உங்கள் பிரதியில் திகதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லை, பொறுப்பான ஆள் லீவு என்றால் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் வெளியானதும் மேன்முறையீட்டுக்குத் தருகிற காலம் குறைவு. அறிவித்தல் தோட்ட ஆபீஸ் வழியாக உங்கள் கைக்கு வரும்போது அந்தக் காலம் முடிந்திருக்கலாம். தபாலை நம்பிக் காத்திருக்காமல் அடையாள அட்டை இலக்கத்தை வைத்து நீங்களே பாருங்கள், அல்லது நலன்புரி நன்மைகள் சபையின் 1924 இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள். லைன் கிடைக்கப் பொறுமை வேண்டும், ரீலோடும் வேண்டும்.

மேன்முறையீட்டில் "நாங்கள் மிகவும் கஷ்டப்படுகிறோம்" என்று ஒரு பக்கம் எழுதுவதில் பயனில்லை. எந்தத் தகவல் பிழை, சரியானது எது, அதற்கு என்ன ஆதாரம் என்று மட்டும் எழுதுங்கள். பாராளுமன்ற உறுப்பினரின் கடிதத் தலைப்பில் ஒரு வரி வாங்கி வருவதும் வீண் வேலை. கணினிக்குக் கட்சி தெரியாது. தோட்டத்துச் சங்கத் தலைவரிடம் படிவத்தைக் கொடுத்துவிட்டு அவர் பார்த்துக்கொள்வார் என்று இருப்பதும் அப்படித்தான். அவர் நல்லவராகவே இருந்தாலும், நூறு படிவத்தில் உங்களுடையது அடியில் இருக்கும்.

போட்டோகொப்பி எடுத்து, ஒன்லைன் படிவம் நிரப்பித் தரும் டவுன் கம்யூனிகேஷன் கடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். படிவம் இலவசம். நிரப்பித் தருவதற்குக் காசு வாங்குவது ஒரு பக்கம் இருக்கட்டும், அவசரத்தில் தொலைபேசி இலக்கம் கேட்கிற இடத்தில் கடை இலக்கத்தைப் போட்டுவிடுகிறார்கள். பிறகு வரும் செய்தியெல்லாம் கடைக்குப் போகிறது, அதை யாரும் உங்களிடம் சொல்வதில்லை. பதிவை முடித்ததும் திரையில் இலக்கத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். கியூஆர் குறியீட்டையும் விண்ணப்ப இலக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

பெயர் வந்தும் பணம் வராத கூட்டம் ஒன்று இருக்கிறது. காரணம் பெரும்பாலும் வங்கிக் கணக்கு. அடையாள அட்டையில் ஒரு எழுத்து, பாஸ்புக்கில் வேறு எழுத்து. தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் எழுதி, அதிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றியவர்கள் செய்த புண்ணியம். பல காலமாகத் தொடாத கணக்காக இருந்தால் அதுவும் முடங்கியிருக்கும். வங்கியில் போய் அடையாள அட்டையில் உள்ளபடி பெயரைச் சரிசெய்யுங்கள், கணக்கு இயங்குகிறதா என்று கேளுங்கள், பிறகு அதே கணக்குத்தான் அஸ்வெசுமவில் பதிவாகியிருக்கிறதா என்று பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்துங்கள். வயதானவர்களுக்கு வேறு தொல்லை. பிறந்த ஆண்டைக் குத்துமதிப்பாக எழுதிய அடையாள அட்டையில் 70 வயது வர இன்னும் சில வருடம் பாக்கி இருக்கும். பிறப்புச் சான்றிதழைத் தேடும் வேலையை அறுபதுகளிலேயே தொடங்கிவிடுவது நல்லது.

டிவி சண்டையால் வருகிற நேரடி நஷ்டமும் உண்டு. அஸ்வெசும நிறுத்தப்படப்போகிறது என்று ஒரு செய்தி ஓடினால், தகவல் புதுப்பிக்கச் சொன்ன நாளில் பலர் போவதில்லை. "அதுதான் நிப்பாட்டுறாங்களே" என்பார்கள். திட்டம் நிற்காது, போகாதவர்களுக்குத்தான் நிற்கும். புதிய பட்டியல் என்று பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் வரும் லிங்கில் அடையாள அட்டை இலக்கத்தையும் வங்கி இலக்கத்தையும் போட்டுவிடாதீர்கள். உங்கள் கட்சிக்காரரே அனுப்பியிருந்தாலும் வேண்டாம்.

கடிதம் சிங்களத்தில் மட்டும் வந்தால் வாங்கி வைத்துக்கொண்டு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. தமிழும் அரச கரும மொழி. நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகவே அறிவிக்கப்பட்டவை. தமிழில் தாருங்கள் என்று அதே கடித இலக்கத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள், தரவில்லை என்றால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம்.

இத்தனைக்குப் பிறகும் ஏன் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லையா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பிரதேச செயலகத்தின் தகவல் அதிகாரிக்கு ஒரு விண்ணப்பம் கொடுங்கள். என் குடும்பத்தைப் பற்றிப் பதிவாகியுள்ள தகவல்கள் எவை, ஒவ்வொரு அளவுகோலுக்கும் என்ன புள்ளி, மேன்முறையீட்டின் முடிவு என்ன, இந்த மூன்றைக் கேட்டால் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். விண்ணப்பம் கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி கேட்டு வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.